க்ரோனோ ட்ரிக்கரை முதல் தடவை ஆடப்போகிறவர்களுக்கு

1995-இல் வந்த காலப்பயண வீடியோ கேம், இப்போது எடுத்து ஆடினால் தேறுமா என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேறும். ஆனால் இப்போதைய கேம்களை ஆடுகிற பாணியில், வரைபடத்தில் மின்னுகிற அம்புக்குறியைத் துரத்திக்கொண்டே போகிற பாணியில் ஆடினால் இதில் பாதி கிடைக்காது. நீங்கள் யாரிடம் நின்று பேசினீர்கள், யாரைக் கண்டுகொள்ளாமல் போனீர்கள் என்பதை இந்தக் கேம் கவனித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு காலத்தில் நீங்கள் செய்ததை இன்னொரு காலத்தில் கொண்டுவந்து காட்டுகிறது. ரசிகர்கள் முப்பது வருஷமாக இதைக் கொண்டாடுவதற்கு அதுதான் காரணம் என்பது என் கருத்து. அந்த அனுபவம் முழுசாகக் கிடைக்க எப்படி ஆடுவது என்பதைத்தான் எழுதுகிறேன். கதையின் பெரிய திருப்பங்களைச் சொல்லமாட்டேன், சில சின்ன விஷயங்களைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

யார் செய்தது என்பது தெரிந்திருந்தால் நல்லது. ஃபைனல் ஃபேன்டஸியை உருவாக்கிய ஹிரோனோபு சகாகுச்சி, டிராகன் குவெஸ்ட்டை உருவாக்கிய யூஜி ஹோரி, டிராகன் பால் வரைந்த அகிரா தோரியாமா, இந்த மூன்று பேரும் 1992-இல் ஒன்றாக அமெரிக்கா போனபோது சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்று முடிவெடுத்ததில் பிறந்தது இது. அன்றைக்கு ஃபைனல் ஃபேன்டஸியும் டிராகன் குவெஸ்ட்டும் நேரெதிர் போட்டியாளர்கள், அந்த இரண்டு வீட்டுத் தலைகளும் ஒரே கேமில் வேலை பார்த்தது சாதாரண விஷயம் இல்லை. டிவியில் டிராகன் பால் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் வரும் முகங்கள் முதல் நிமிடத்திலேயே பழகிவிடும்.

முதலில் எந்த வடிவத்தில் ஆடுவது. நம்மில் பெரும்பாலானோருக்குக் கையில் இருப்பது போன் அல்லது கணினி. இரண்டுக்குமே அதிகாரபூர்வமாக விற்கிறார்கள், அதையே வாங்குங்கள். கணினியில் ஸ்டீம் வடிவம் 2018 பிப்ரவரியில் வெளியானபோது ரசிகர்கள் கொந்தளித்தார்கள், போனுக்கான மெனுவை அப்படியே கொண்டுவந்து ஒட்டியிருந்தார்கள், படங்களும் மழுங்கிப்போயிருந்தன. அந்த வருஷமே அடுத்தடுத்து திருத்தங்கள் வந்து நிலைமை மாறிவிட்டது, அதனால் அந்தப் பழைய விமர்சனங்களைப் படித்துப் பயப்பட வேண்டாம். செட்டிங்ஸுக்குள் போய் கிராபிக்ஸை பழைய வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், இதை முதல் வேலையாகச் செய்யுங்கள். அந்தப் புள்ளிப் படங்களை ஒவ்வொரு புள்ளியாக யோசித்து வைத்திருக்கிறார்கள், வழவழப்பாக்கினால் முகங்களில் உயிர் போய்விடுகிறது. கன்ட்ரோலர் இருந்தால் செருகிக்கொள்ளுங்கள். போனில் தொடுதிரையிலும் ஆடலாம், ஆனால் சில இடங்களில் பொத்தான்களை வேகமாக அழுத்த வேண்டிவரும், அங்கே கொஞ்சம் தடுமாறும். 1999-இல் வந்த பிளேஸ்டேஷன் வடிவத்தை மட்டும் தவிர்க்கச் சொல்வேன், மெனு திறக்கவும் சண்டை தொடங்கவும் காத்திருக்க வேண்டும். அதில் சேர்த்திருந்த அனிமே காட்சிகள் எப்படியும் ஸ்டீம் வடிவத்தில் இருக்கின்றன.

அப்புறம், சண்டை முறை. தொடக்கத்திலேயே ஆக்டிவ், வெயிட் என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். வெயிட்டைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் மெனுவில் மருந்தோ டெக்கோ (சிறப்புத் தாக்குதல்) தேடிக்கொண்டிருக்கும்போது எதிரி அடிக்காமல் நிற்பான், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் சுவாரசியம் ஒன்றும் குறையாது.

ஆட்டம் கி.பி. 1000-இல் ஒரு திருவிழாவில் தொடங்குகிறது. கார்டியா ராஜ்ஜியத்தின் ஆயிரமாவது ஆண்டு விழா. அம்மா வந்து, நீங்கள் ஆடும் பையன் க்ரோனோவை எழுப்பிவிடுகிறாள், விழாவுக்குப் போகிறான். இங்கே அவசரப்படாதீர்கள். முதல் அரை மணி நேரத்தை இந்த மைதானத்திலேயே செலவழியுங்கள். பாட்டுப் பாடிக்கொண்டே சண்டைக்கு அழைக்கும் ஒரு ரோபோ இருக்கிறது, அதை அடித்து சில்வர் பாயின்ட் சேர்க்கலாம், ஓட்டப்பந்தயத்தில் பந்தயம் கட்டலாம், கூடாரத்துக்குள் விளையாடலாம். இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு மாதிரி தெரியும்.

ஆனால் மணிக்கூண்டுப் பக்கம் போனதும் மார்ல் என்ற பெண் உங்கள் மேல் வந்து மோதுகிறாள், அவளுடைய பதக்கம் தெறித்துக் கொஞ்சம் தள்ளிப்போய் விழுகிறது. அங்கே என்ன செய்கிறீர்கள்? கீழே பளபளவென்று கிடக்கிறதே என்று முதலில் பதக்கத்தை எடுக்கப் போகிறீர்களா, இல்லை விழுந்தவளிடம் முதலில் பேசுகிறீர்களா? கேம் எதுவும் சொல்லாது. இரண்டையும் அனுமதிக்கும். இன்னும் சில இருக்கின்றன: ஒரு மேசை மேல் யாரோ வைத்துவிட்டுப் போன சாப்பாடு இருக்கிறது, எடுத்துத் தின்னலாம். தொலைந்த பூனையைத் தேடும் சிறுமி ஒருத்தி இருக்கிறாள், பூனையிடம் பேசினால் அது உங்கள் பின்னாலேயே வரும், கொண்டுபோய் விடலாம், விடாமலும் போகலாம். மார்ல் மிட்டாய்க் கடையில் நின்று எதை எடுப்பது என்று யோசிக்கும்போது நீங்கள் சும்மா நிற்கலாம், பொறுமையில்லாமல் நகரவும் செய்யலாம். அவளுடைய பதக்கத்தை விலைக்குக் கேட்கிற ஒரு ஆயுத வியாபாரியும் இருக்கிறார்.

சில மணி நேரம் கழித்து உங்களை ஒரு நீதிமன்றத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அப்போது சாட்சிகள் வருகிறார்கள். அந்தச் சாப்பாட்டுக்காரர் வந்து நிற்கிறார். அந்தச் சிறுமி வந்து நிற்கிறாள். யார் மேல் யார் மோதினார்கள், அவளுடைய சொத்தின் மேல் உனக்குக் கண்ணா என்றெல்லாம் கேள்வி வருகிறது, ஏழு பேர் கொண்ட ஜூரி ஒவ்வொருவராக நடந்துவந்து இடப்பக்கமோ வலப்பக்கமோ போய் நிற்கிறார்கள், அவர்கள் நடந்துவருகிற அந்த நேரத்தில் திருவிழாவில் நீங்கள் செய்த ஒவ்வொன்றும் மனசில் ஓடும். தீர்ப்பு எதுவானாலும் கதை அடுத்து போகிற இடம் கிட்டத்தட்ட ஒன்றுதான், குற்றமற்றவர் என்றாலும் சிறைதான். இருந்தாலும் 1995-இல் ஒரு கன்சோல் கேம் தன்னைச் சும்மா வேடிக்கை பார்க்க விட்டுவிட்டுப் பின்னாலேயே இருந்து குறித்துக்கொண்டிருந்தது என்று தெரிகிற அந்த நொடி, அதை அனுபவித்தவர்கள் மறப்பதில்லை. இதைப் படித்துவிட்டீர்களே, இனி அந்த அதிர்ச்சி இருக்காதே என்று நினைக்க வேண்டாம். நான் பட்டியல் போட்டதில் ஒன்றிரண்டை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். உங்கள் இயல்புப்படி ஆடுங்கள், எல்லாவற்றையும் சரியாகச் செய்து நல்ல பெயர் வாங்கப் பார்க்காதீர்கள்.

சண்டையைப் பற்றி. அந்தக் காலத்து ஆர்பிஜிகளில் (ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் ஆடும் கேம்களில்) நடந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று திரை மாறிச் சண்டை வந்துவிடும். இதில் அது கிடையாது. எதிரிகள் பெரும்பாலும் கண்ணெதிரே நிற்கிறார்கள், நடமாடுகிறார்கள், பலரைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம், சண்டையும் நிற்கிற இடத்திலேயே நடக்கிறது. அதனால் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது முக்கியம். க்ரோனோவின் சுழல்வெட்டு ஒரு வட்டத்துக்குள் இருப்பவர்களை மட்டும் வெட்டும், சில டெக்குகள் நேர்கோட்டில் போகும். எதிரிகள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் வரும்வரை ஒரு நொடி பொறுத்து அடித்தால் ஒரே அடியில் இரண்டு பேரும் போவார்கள்.

இன்னொன்று, டூயல் டெக். அடிக்கத் தயாரா என்று காட்டும் பட்டை இரண்டு பேருக்கும் நிறைந்திருந்தால் சேர்ந்து அடிக்கலாம். க்ரோனோவும், கூட்டாளியாக வரும் தவளை வீரனும் இரண்டு பக்கமிருந்து பாய்ந்து குறுக்காக வெட்டும் எக்ஸ் ஸ்ட்ரைக்தான் முதல் பாதி முழுக்க உங்களுக்குத் துணை. க்ரோனோவும் மார்லும் சேர்ந்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உயிர் ஏறும். பிறகு மூன்று பேர் சேர்ந்து செய்கிறவையும் வரும். எப்போதும் ஒரே மூன்று பேரையே வைத்துக்கொண்டு ஆடினால் இவற்றில் பெரும்பகுதியைப் பார்க்கவே மாட்டீர்கள். வெளியே காத்திருப்பவர்களுக்கு அனுபவப் புள்ளி ஓரளவு சேரும், டெக் புள்ளி சேராது, அதனால் ஆட்களை மாற்றி மாற்றிக் கூட்டிக்கொண்டு போங்கள். லெவல் ஏற்றுவதற்காக ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிச் சண்டை போடத் தேவையே இல்லை. ஒரு பாஸிடம் (பெரிய எதிரியிடம்) தோற்றால் பெரும்பாலும் லெவல் போதாததால் இருக்காது, அவனுடைய சூட்சுமத்தைப் பிடிக்காததால் இருக்கும். சிறையிலிருந்து தப்பும்போது வரும் டிராகன் டாங்க் நல்ல உதாரணம்: அதன் தலை மற்ற பாகங்களைக் குணப்படுத்திக்கொண்டே இருக்கும், தலையை முதலில் உடைத்தால் மிச்சம் சுலபம். டைனோசர்கள் மேல் மின்னல் போட்டால் அவற்றின் தடுப்பு விழும். ஒவ்வொரு பாஸும் இப்படி ஒரு கேள்வி கேட்கிறது.

கி.பி. 2300-க்குப் போகும் பகுதியை இரவில் ஆடுங்கள் என்பேன், ஹெட்போன் போட்டுக்கொண்டு. உலகம் அழிந்துபோன காலம் அது. காற்று ஊளையிடுகிறது, மனிதர்கள் கந்தலோடு கூரைக்கடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே ஒரு இயந்திரம் இருக்கிறது, உள்ளே நுழைந்தால் உடம்பு முழுக்கச் சரியாகிவிடும், அத்தனை சக்தியும் திரும்பிவிடும், ஆனால் பசி மட்டும் போகவில்லை என்று திரையில் ஒரு வரி வரும். அந்த மக்கள் எத்தனை தலைமுறையாக இதை வைத்தே காலம் தள்ளுகிறார்கள் என்று அதற்குமேல் விளக்கவே இல்லை. அந்த ஒரு வரி போதுமாக இருக்கிறது. பிறகு அதே இடத்தில் ஒரு பழைய பதிவைப் பார்க்கிறீர்கள், 1999-இல் என்ன நடந்தது என்று. இவர்கள் தீர்க்கதரிசனத்தால் தேர்ந்தெடுக்கப்பட்ட வீரர்கள் இல்லை, திருவிழாவுக்கு வந்த பிள்ளைகள். திரும்பி வீட்டுக்குப் போய் நிம்மதியாக வாழ்ந்து முடித்துவிடலாம், அந்த அழிவு வரும்போது இவர்கள் யாரும் உயிரோடு இருக்கப்போவதில்லை. ஆனாலும் மாற்றலாம் என்று மார்ல் சொல்கிறாள். அந்தக் காட்சியில் வசனத்தை வேகமாகத் தட்டிக்கொண்டு போகாதீர்கள்.

நான்கு பேர் ஒன்றாகக் கால வாசலுக்குள் போனதும் காலத்தின் முடிவுக்கு வந்து சேருவீர்கள். ஒரு விளக்குக் கம்பம், அதனடியில் ஒரு கிழவர், ஒரு கதவு. அந்தக் கதவுக்குள் இருக்கும் ஸ்பெக்கியோதான் மந்திரம் கற்றுத்தருகிறவன். கதவிலிருந்து தொடங்கி சுவரை ஒட்டியபடியே கடிகார முள் போகும் திசையில் மூன்று சுற்று சுற்ற வேண்டும், மூலைகளைக் குறுக்கே வெட்டினால் கணக்கில் எடுக்கமாட்டான். உங்கள் லெவல் கூடக்கூட அவன் உருவமும் மாறும், சண்டை போட்டு ஜெயித்தால் பரிசும் உண்டு, அவ்வப்போது போய்ப் பாருங்கள். அந்தக் கிழவரிடமும் ஒவ்வொரு முறையும் பேசுங்கள். எங்கே போவது என்று குழம்பினால் வாக்த்ரூ தேடுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள், கடைசிப் பகுதியில் மிச்சமிருக்கும் வேலைகளை எல்லாம் ஒவ்வொரு குறிப்பாகச் சொல்பவர் அவர்தான். அந்தக் குறிப்புகளே போதும்.

கி.மு. 12,000 வரும்போது, முதலில் பனி. வெண்மையும் காற்றும் தவிர ஒன்றுமில்லாத நிலத்தில் நடக்கிறீர்கள், பிறகு ஒரு மேடையில் ஏறினால் மேகத்துக்கு மேலே, வெயிலில் மிதக்கிற ஒரு ராஜ்ஜியம். சித்தார் போல ஒலிக்கும் ஒரு மெட்டு தொடங்கும். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பாட்டு ஒரு சுற்று முழுக்க வரும்வரை கேளுங்கள், இதை அறிவுரையாகவே சொல்கிறேன். யசுனோரி மிட்சுதா அதுவரை ஒலி விளைவுகள் செய்துகொண்டிருந்த இளைஞர், இசையமைக்க விடாவிட்டால் வேலையை விட்டுவிடுவேன் என்று சகாகுச்சியிடம் போய் நின்றவர், அப்படிக் கிடைத்த வாய்ப்பு இது. உழைத்து உழைத்து வயிற்றுப்புண் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தார், மீதியில் சிலவற்றை ஃபைனல் ஃபேன்டஸியின் இசையமைப்பாளர் நொபுவோ உவெமத்சு முடித்துக்கொடுத்தார். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவில் நாடுகளின் அணிவகுப்பு வந்தபோது தவளை வீரனுக்கும், ரோபோ என்றே பெயர்கொண்ட இன்னொரு கூட்டாளிக்கும் மிட்சுதா போட்ட இசை அரங்கத்தில் ஒலித்தது, உலகெங்கும் ரசிகர்கள் சிலிர்த்துப்போனார்கள்.

மிதக்கும் ராஜ்ஜியத்தில் உள்ளவர்களிடமும் பேசுங்கள், எல்லோரிடமும். அங்கே ஒரு செடியை எரிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்திருப்பதாகச் சொல்லும் பெண் ஒருத்தியைச் சந்திப்பீர்கள். என்ன சொல்வது என்பது உங்கள் கையில்.

கால விளையாட்டு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு உதாரணம் மட்டும் முழுசாகச் சொல்கிறேன், இது கடைசிப் பகுதியில் வருவது, வேண்டாம் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். போர் என்ற ஊரில் கி.பி. 1000-இல் ஒரு மேயர் இருக்கிறார், மகா கஞ்சன், பெற்ற பிள்ளைகளே புலம்புகிறார்கள். உங்களுக்கு வேண்டிய கல் ஒன்று அவர் கையில் மாட்டிக்கொள்கிறது, என்ன கேட்டாலும் தரமாட்டார். என்ன செய்வீர்கள்? அதே ஊரில் ஒரு கடையில் உப்புக்கண்டம் விற்கிறார்கள், விலை 9,900. அதை வாங்கிக்கொண்டு நானூறு வருஷம் பின்னால் போய், அதே வீட்டில் இருக்கிற அவருடைய மூதாதைப் பெண்ணிடம் கொடுக்க வேண்டும். அவள் 10,000 தருகிறேன் என்பாள். 100 லாபம். வாங்கக்கூடாது, சும்மா கொடுத்துவிட வேண்டும். அவள் நெகிழ்ந்துபோய் என் பிள்ளைகளுக்கும் கொடுக்கக் கற்றுத்தருவேன் என்கிறாள், நீங்கள் 1000-க்குத் திரும்பினால் அந்த மேயர் வேறு மனிதர். வாளோ மந்திரமோ இல்லாமல், ஒருவருக்கு ஒரு பொருளை இனாமாகக் கொடுத்ததால் பத்துப் பதினைந்து தலைமுறை தள்ளி ஒரு குடும்பத்தின் குணமே மாறுகிறது.

கடைசிப் பாஸிடம் நேராகப் போகாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான். கப்பல் கையில் வந்து எந்தக் காலத்துக்கும் போகலாம் என்றானபின், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தனிக் கதை இருக்கிறது. பாலைவனமாகிப்போன ஒரு காட்டை மீட்க ரோபோ எடுக்கும் முடிவும், அதை ஒட்டி நண்பர்கள் எல்லோரும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசும் அந்த இரவும் இந்தக் கேமின் இதயம். பாலைவன அசுரனுக்குத் தண்ணீர் மந்திரம்தான் மருந்து, மார்லையோ தவளை வீரனையோ கூட்டிக்கொண்டு போங்கள். அந்த இரவில் க்ரோனோவின் தோழி லூக்கா தனியாக எழுந்து போவாள். அவளுடைய வீட்டில் அவசரமாக ஒரு வேலை செய்ய வேண்டிவரும், அவள் அம்மாவின் பெயர் நினைவிருக்க வேண்டும், அந்தப் பெயரின் எழுத்துகள்தான் சூப்பர் நின்டென்டோ கன்ட்ரோலரின் பொத்தான்கள். வேறு கன்ட்ரோலர் வைத்திருந்தால் எந்தப் பொத்தான் எதற்கு என்று முன்பே செட்டிங்ஸில் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள், அங்கே நேரம் குறைவு.

பதக்கத்தின் சக்தியால் மட்டும் திறக்கும் முத்திரைப் பெட்டிகள் இருக்கின்றன. கி.பி. 600-இல் அப்படி ஒன்றைப் பார்த்ததும் உடனே எடுத்துவிடாதீர்கள். தொட்டுப் பாருங்கள், எடுக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிறகு 1000-க்கு வந்து அதே பெட்டியைத் திறந்தால் உள்ளே இருந்த பொருள் இன்னும் பலமாகியிருக்கும். அதை எடுத்துக்கொண்டு மறுபடி 600-க்குப் போய் பழையதையும் எடுத்துக்கொள்ளலாம். ட்ரூஸ் ஊர் விடுதியிலும் கார்டியா கோட்டையிலும் இது செல்லும்.

ஒரு கடல்முனையில், அதுவரை எதிரியாக இருந்த ஒருவர் முன்னால் நிற்கும்போது சண்டையா என்று கேட்கும். அதற்கு முன்னால் தனி இடத்தில் ஒரு சேவ் போட்டுவையுங்கள். எது சரி என்று ரசிகர்கள் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். நான் முதல் ஆட்டத்தில் சண்டை வேண்டாம் என்பவன்.

போன், ஸ்டீம் வடிவங்களில் நின்டென்டோ டிஎஸ் வடிவத்துக்காகச் சேர்த்த கூடுதல் குகைகளும் இருக்கின்றன. மலையில் ஏறு, இறங்கு, மறுபடி ஏறு என்று இழுக்கும் லாஸ்ட் சாங்டம் பகுதியை முதல் ஆட்டத்தில் தொடவே வேண்டாம். மூலக் கதையின் வேகத்தை அது கெடுத்துவிடும்.

மொத்தமாக 20 முதல் 25 மணி நேரம் ஆகும். முடித்ததும் நியூ கேம் பிளஸ் என்று ஒன்று திறக்கும். இப்போது எல்லாக் கேம்களும் பயன்படுத்துகிற அந்தப் பெயரே இங்கிருந்து வந்ததுதான். ஆயுதமும் லெவலும் அப்படியே இருக்க, கதையை மறுபடி தொடங்கலாம், கடைசிப் பாஸை கதையின் வெவ்வேறு கட்டங்களில் போய்ச் சந்திக்கலாம், எப்போது வென்றீர்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். முதல் வடிவத்திலேயே பத்துக்கும் மேற்பட்ட முடிவுகள், டிஎஸ்ஸில் இன்னொன்று சேர்ந்தது. திருவிழாவில் லூக்காவின் இயந்திரத்தில் வலதுபக்க மேடையில் ஏறினால் நேராகக் கடைசிப் பாஸிடம் போகலாம். ஆட்டம் தொடங்கியதுமே போய் வென்றால் இந்தக் கேமைச் செய்தவர்களே ஒரு அறையில் வந்து உங்களோடு பேசுவார்கள், அதற்காகவே இரண்டாம் ஆட்டத்தைத் தொடங்கலாம். 2019-இல் ஜப்பானின் ஃபாமிட்சு இதழ் ஹெய்செய் காலத்தின் (1989 முதல் 2019 வரையிலான பேரரசர் ஆட்சிக்காலம்) மிகச்சிறந்த கேம் எது என்று வாசகர்களைக் கேட்டபோது, முப்பது வருஷத்துக் கேம்களுக்கு நடுவே இதுதான் முதலிடத்துக்கு வந்தது.

இதன் தொடர்ச்சியாக வந்த க்ரோனோ க்ராஸை எப்போது ஆடுவது என்று அடுத்துக் கேட்பீர்கள். இடைவெளி விட்டு ஆடுங்கள். 2022-இல் வந்த ரீமாஸ்டர் போதுமானது. அதே ஆட்கள், அதே ஊர்கள் தொடரும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும், தனிக் கேமாக நினைத்து உள்ளே போனால் அதிலும் மிட்சுதாவின் இசை காத்திருக்கிறது. அதற்கு முன்னால் இதில் இன்னும் இரண்டு மூன்று முடிவுகளைப் பார்த்துவிடுங்கள்.